கல்யாணிதி கெடுத்துக்கொண்ட ஆராய்ச்சி

காலையில் ட்ரங்க் கால் வந்தது. திருச்சியில் தன் தம்பி வீட்டில் கல்யாணிதி போய்விட்டாராம், மாரடைப்பு. அதற்குமேல் லைனில் ஒன்றும் கேட்கவில்லை. அதிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. ஜாதவ்பூர் ஆய்வுக்கூடத்தில் வங்காளிகள் அவர் பெயரோடு, அக்கா என்று பொருள்படும் 'தி'யைச் சேர்த்துக் கல்யாணிதி என்பார்கள். தமிழர்களான நாங்களும் அப்படியே பழகிவிட்டோம்.

வயதானவர்கள் தினம் நடந்தால் தசையின் உயிரணுக்களுக்கு என்ன ஆகிறது என்பதுதான் அவர் ஆராய்ச்சி; நான் அவருக்கு உதவியாக இருந்தேன். லேக் கார்டன்ஸில் இருந்த, ரயில்வேயில் ஓய்வுபெற்ற தமிழர்களைப் பிடித்தார். பாதிப் பேர் காலையில் ஏரியைச் சுற்றி நடக்க வேண்டும். மீதிப் பேர் நடைப்பயிற்சி இல்லாமல் வழக்கம்போல் இருக்க வேண்டும். குளிர்காலத்துக்கு முன்னும் பின்னும் தொடையில் ஊசி குத்தித் துளி தசை எடுப்போம். "உள்ள அடுப்பு நல்லா எரியுதான்னு பாக்கப்போறோம், அவ்வளவுதான்" என்று சொல்லியே எல்லோரையும் சம்மதிக்க வைத்தார்.

முடிவு பிரமாதமாக வந்தது. நடந்தவர்களின் உயிரணுக்கள் தெம்பாக இருந்தன. நடக்காதவர்களின் தசை இழைகள் மெலிந்தே போயிருந்தன. துறைத்தலைவர் சந்தேஷ் வாங்கிவரச் சொன்னார். கல்யாணிதியின் தற்காலிக வேலை நிரந்தரமாக இந்த ஒரு கட்டுரை போதும். அவரோ இனிப்பைத் தொடாமல், ஒரு குளிர்காலத்தில் இவ்வளவு மெலியாதே என்று மாடிக்கும் கீழுக்குமாக அலைந்தார். கடைசியில் என்னையும் இழுத்துக்கொண்டு, நடக்காத குழுவில் இருந்த சேஷாத்ரி மாமா வீட்டுக்குக் கிளம்பினார்.

மாமா ரயில்வேயின் கார்டன் ரீச் அலுவலகத்தில் ஹெட் கிளார்க்காக இருந்தவர். எங்களைப் பார்த்துச் சாய்வு நாற்காலியிலிருந்து எழப்போய்த் தடுமாறினார். மாமி பொரிந்து தள்ளிவிட்டார். மார்க்கெட் கிடையாது, கோவில் கிடையாது, தண்ணீர்கூட இருந்த இடத்துக்கு வர வேண்டும். கேட்டால், நடக்கவே கூடாது, டாக்டர் ஆர்டர் என்கிறாராம். மாமா பெருமையாகத் தலையாட்டினார். தன் குழுவில் இருந்த மற்றவர்களுக்கும் சர்க்குலர் மாதிரி ஆளனுப்பிச் சொல்லிவிட்டாராம். அத்தனை பேரும் முன்னாள் கிளார்க்குகள், கேட்க வேண்டுமா! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணிதி அழுதுவிட்டார்.

மறுநாளே எல்லோரையும் நடக்கச் சொல்லிவிட்டு, துறைத்தலைவரிடம் விஷயத்தைச் சொன்னார். நுண்ணோக்கியில் கண்டதை அப்படியே எழுதினால் போயிற்று, நாற்காலிக் கதை யாருக்கு வேண்டும் என்று அவர் கோபித்துக்கொண்டார். வெளியே வந்து கல்யாணிதி என்னிடம் சொன்னது இதுதான்: "கொஞ்சம் வித்தியாசம் அவங்க நடந்ததால வந்தது. மீதி, நான் இவங்களை முடக்கிப் போட்டதால வந்தது. எது எவ்வளவுன்னு எனக்கே தெரியாதப்போ எப்படி எழுதறது?"

கட்டுரை வரவில்லை. வேலையும் நீடிக்கவில்லை. மாமா தானாக ஏரியைச் சுற்றி வரும்வரை தினமும் அவரைக் கைபிடித்து நடத்திவிட்டு, கல்யாணிதி திருச்சிக்கு ரயில் ஏறினார். எனக்கு இன்றும் ஆறவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த நிம்மதிகெட்ட புத்திதான். இந்த வாரம் என் ஆராய்ச்சியிலும் நினைத்ததைவிட நல்ல முடிவு வந்திருக்கிறது. எல்லோரும் கைகுலுக்குகிறார்கள். சோதனைக்கு வந்த பெரியவர்களை வீட்டில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டிருக்கிறேன்.