பாவற்கொடியும் பக்கத்து வீட்டுப் பூனையும்

ரக்கூனைத் துரத்தப்போய்ப் பக்கத்து வீட்டு மதாமின்ர பூனையைத் துரத்தினவள் நான். அதைச் சொல்லிப்போட்டே தொடங்கிறன். பேந்து நடுவில வந்து சொன்னால், இவ்வளவு நேரமும் நல்லவள் மாதிரிக் கதைச்சவள் எண்டு நினைப்பியள்.

மதாம் ஒரு பிரெஞ்சுக்கார மனுசி, எழுபது வயது தாண்டியிருக்கும். புருசன் செத்துக் கனகாலம். பிள்ளையள் ஆரும் வந்து போனதை நான் காணேல்லை. பின்னேரத்தில பின்வாசல் படிக்குப் பக்கத்தில கதிரை போட்டு இருப்பா. ஒரு சாம்பல் நிறப் பூனை வந்து, தட்டில வைச்சதைத் திண்டுபோட்டு, அவவின்ர காலடியில படுத்திருக்கும். தெருப்பூனை. வீட்டுக்குள்ள போகாது, அவவும் கூப்பிட மாட்டா. ஆனா அதோட மட்டும் அவ விடாமல் கதைச்சுக்கொண்டிருப்பா. என்னோட ‘பொன்ஜூர்’ எண்ட வணக்கம் மட்டும்தான்.

நாங்கள் மொன்றியலில, எங்கட சனம் கூட இருக்கிற பார்க் எக்ஸ்டென்ஷனில மூண்டாம் மாடியில இருபத்திரண்டு வருசம் இருந்துபோட்டுத்தான் மொன்றியல் தீவின்ர கிழக்குப் பக்கம் இந்தச் சின்ன வீட்டுக்கு வந்தனாங்கள். வீட்டைவிட எனக்குப் பிடிச்சது பின்வளவு. நாலு பாய் விரிக்கிற அளவு மண், அவ்வளவுதான். அதில கத்தரி, மிளகாய், வேலியோரம் ஒரு பாவல் பந்தல். மே மாசக் கடைசியில நட்டால் செப்டம்பர் கடைசியில குளிர் வந்து கருக்கிப்போடும். அந்த நாலு மாசத்தை நினைச்சுக்கொண்டுதான் மிச்ச எட்டு மாசமும் ஸ்னோ வழிக்கிறனான் எண்டு வையுங்கோவன். என்ர பாவல் காய்க்கிற மாதிரி மொன்றியலில ஆற்றையும் காய்க்காது. ஞாயிற்றுக்கிழமை மீன் கழுவின தண்ணியை அப்பிடியே வேருக்கு ஊத்துவன். தலை, குடல், செதில் எல்லாத்தையும் பந்தலடியில தாட்டு விடுவன். குப்பை எடுக்கிறவங்கள் கிழமைக்கு ஒருக்காத்தான் வருவாங்கள். ஜூலை வெக்கைக்கு மீன் கழிவைப் பெட்டியில போட்டு வைச்சால் வீதியே நாறும். மண்ணுக்குக் குடுத்தால் மண் காயாத் தரும்.

எனக்கு வேலை பாண் பக்டரியில. விடிய அஞ்சேகாலுக்கு பஸ். நாலரைக்கு எழும்பித் தேத்தண்ணியை வைச்சுப்போட்டுக் குசினி யன்னலால பாத்தால், பந்தலுக்குக் கீழ கிடங்கு. ஒண்டில்லை, மூண்டு நாலு. கொடி வேரோட கிளம்பிக் கிடக்கு. வேலை உடுப்போட போய் மண்ணை இழுத்து மூடி, கொடியைத் திரும்ப நட்டுப்போட்டு, நகத்துக்குள்ள மண்ணோட பஸ் ஏறுவன். ஒருநாள் ஆளையும் கண்டன், கண்ணைச் சுத்திக் கறுப்புப் பட்டை கட்டின கள்ளன் மாதிரி, பூனையைவிடப் பெரிய ரக்கூன். வேலியில குந்தியிருந்து, கை ரெண்டையும் பிசைஞ்சுகொண்டு என்னைப் பாக்குது. நான் “சூ” எண்டு கத்தினன். அது அசையேல்லை. நான்தான் ஏதோ அதின்ர வளவுக்குள்ள வந்து நிக்கிறன் எண்ட மாதிரி ஒரு பார்வை.

என்னெல்லாம் செய்தம்! இவர் கோழிக்கூட்டு வலை வாங்கிவந்து அடிச்சார். அது வலையை ஒரு பக்கத்தால கிளப்பிக்கொண்டு பூந்திட்டுது. ஆரோ சொல்லி ரேடியோவைப் பந்தலடியில போட்டு வைச்சம். தமிழ்ச் செய்தி முழுக்கக் கேட்டுக்கொண்டு வடிவா இருந்து கிண்டியிருக்கு. நான் கறித்தூளைத் தூவினன், நல்ல யாழ்ப்பாணத் தூள், அண்ணி வறுத்து அனுப்பினது. “உதுக்கு உறைப்பும் பழகிப் போச்சு, இனிச் சோறுதான் கேக்கப் போகுது” எண்டு இவர் பகிடி விட்டார். எனக்குப் பகிடி வரேல்லை. எட்டு மணித்தியாலம் நிண்டு பாண் பெட்டி அடுக்கிறவளுக்கு விடியக் காலமை மண்வெட்டி பிடிக்கிறது பெரிய அரியண்டம். அலுத்துப் போச்சு. அந்த அலுப்பு எனக்குக் கோவமா மாறினது. கோவம் வந்தால் அதை இறக்கி வைக்க ஒரு ஆள் வேணும்தானே.

மதாமின்ர பூனைத்தட்டு கண்ணில பட்டுது. ஒவ்வொரு நாளும் சாப்பாட்டை வெளியில வைச்சால் ரக்கூன் வராமல் என்ன செய்யும்? அவவின்ர தட்டில விருந்து, என்ர பந்தலில விளையாட்டு. மகளுக்குப் போன் பண்ணி, நகரசபைக்கு அடிச்சுச் சொல்லு எண்டன். அவளின்ர பிரெஞ்சு நல்ல பிரெஞ்சு.

“அம்மா, அந்த மனுசி பாவம். முதல் நீங்களே போய்க் கதைச்சுப் பாருங்கோவன்.”

“எனக்கு என்ன, அவவோட இருந்து கதைக்க நேரம் கிடக்கே? நீ சொல்லு பிள்ளை.”

சொன்னாள். ரெண்டு கிழமையால நகரசபை ஆள் ஒருத்தர் வந்து மதாமின்ர படியடியில நிண்டு கதைச்சுப்போட்டு, ஒரு கடிதத்தைக் குடுத்திட்டுப் போனார். அடுத்தநாள் தட்டைக் காணேல்லை. பூனை வந்தது. படியில ஏறி, பூட்டின கதவைப் பாத்துக் கத்தினது. நான் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டு நிண்டனான். கதவுக்கு உள்ள திரைச்சீலை ஆடினது. கதவு திறக்கேல்லை. இப்பிடி ஒரு கிழமை. பேந்து பூனையைக் காணேல்லை. கொஞ்ச நாளால கதிரையும் உள்ள போயிட்டுது.

மனசுக்குள்ள ஒரு மாதிரித்தான் இருந்தது. ஆனா பொய் சொல்லக்கூடாது, சந்தோசமும் புளுகமும் இருந்தது. ஏனெண்டால் ரக்கூனும் நிண்டிட்டுது! ஒரு கிடங்கு இல்லை. பாவல் பூத்துக் குலுங்குது. “பாத்தீங்களே, நான் சொன்னனான் எல்லே” எண்டு இவருக்கு ஒவ்வொரு நாளும் சொன்னன். நாலரைக்கு எழும்பி, தேத்தண்ணியை இருந்து குடிச்சன். இருந்து தேத்தண்ணி குடிக்கிறது எவ்வளவு பெரிய சுகம் எண்டு அந்த நாள்களிலதான் எனக்கு விளங்கினது.

அந்த நேரம்தான் ஊரில எங்கட கோயில் கொடியேறினது. கொடியேறினால் திருவிழா முடியுமட்டும் எங்கட வீட்டில மச்சம் இல்லை. எந்த நாட்டில இருந்தாலும் அது மாறாது. வீடு கழுவி, மீன் காய்ச்சிற சட்டியைத் தனியா எடுத்து நிலக்கீழ் அறையில வைச்சுப்போடுவன். இருபத்தஞ்சு நாளும் மரக்கறிதான்.

திருவிழா முடிஞ்சு வந்த ஞாயிற்றுக்கிழமை இவர் ஆசைப்பட்டுப் பார்க் எக்ஸ்டென்ஷனுக்குப் போய் ரெண்டு விளைமீன் வாங்கிவந்தார். வெட்டிக் கழுவி, தண்ணியைப் பாவலுக்கு ஊத்தி, தலையையும் குடலையும் தாட்டன். திங்கட்கிழமை விடிய யன்னலால பாக்கிறன், பந்தல் சரிஞ்சு கிடக்கு. கிடங்குக்குப் பக்கத்தில மீன் தலை, நக்கித் துடைச்ச மாதிரி.

இவர் பின்னால வந்து நிண்டு பாத்தார். “இஞ்சரும், விருந்து வைச்சது நீர்தானப்பா” எண்டார்.

அண்டைக்கு முழுக்க வேலையில எண்ணிப் பாத்தன். கிடங்கு கூடுதலாக் கிண்டினது எல்லாம் திங்கள், செவ்வாய். ஞாயிறு மீன், திங்கள் கிடங்கு. அது மண்டையில ஏறாமல் ரெண்டு கோடை காலம் இருந்திருக்கிறன். கொடியேறினதால மீன் நிண்டது, மீன் நிண்டதால ரக்கூன் நிண்டது. நான் அதை என்ர முறைப்பாட்டின்ர கெட்டித்தனம் எண்டு நினைச்சு நெஞ்சை நிமித்திக்கொண்டு திரிஞ்சிருக்கிறன். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் எண்டு சும்மாவே சொன்னாங்கள்.

மகளுக்குச் சொன்னன். “அவவுக்கு நீங்கள்தான் எண்டு தெரியாதுதானே அம்மா. விடுங்கோ” எண்டாள். நானும் விடுவம் எண்டுதான் இருந்தன். மீன் கழிவைப் பையில கட்டிக் குளிர்பெட்டியில போட்டு, குப்பை நாளில வெளியில வைக்கத் தொடங்கினன். ரக்கூன் ரெண்டு கிழமை வந்து தேடிப் பாத்துப்போட்டுப் போயிட்டுது. அதோட முடிஞ்சிருக்கும்.

ஆனா அந்த ரெண்டு கிழமைக்குள்ள ஒருநாள், நான் கிடங்கை மூடிக்கொண்டு நிக்க, மதாம் வேலிக்கு அங்கால வந்து நிண்டா. மெலிஞ்சு போயிருந்தா. “இன்னும் வருதோ? நான் தட்டை எடுத்திட்டனே” எண்டா. பேந்து, “மன்னிச்சுக்கொள். என்னாலதான் உனக்கு இவ்வளவு நாளும் கரைச்சல்” எண்டா.

என்னட்டை மன்னிப்புக் கேக்கிறா! என்னட்டை! கையில மண்வெட்டியோட நான் தலையை ஆட்டிக்கொண்டு நிண்டன்.

நாலு நாள் எனக்குச் சோறு இறங்கேல்லை. என்ர பிரெஞ்சு வேலைத்தலத்தில பழகின பிரெஞ்சு. பெட்டி, தட்டு, கெதியா, முடிஞ்சுது, உதெல்லாம் வடிவா வரும். செய்த பிழையைச் சொல்லுற அளவுக்கு வராது. மகளிட்ட நாலு வசனம் கேட்டுப் பஸ்ஸுக்குள்ள பாடமாக்கினன். சனிக்கிழமை பின்னேரம் போய் மதாமின்ர முன்கதவைத் தட்டினன். நகரசபைக்குச் சொன்னது நான். ரக்கூன் வந்தது நான் தாட்ட மீனுக்கு. உங்கட தட்டுக்கு இல்லை. நீங்கள் ஒரு பிழையும் செய்யேல்லை. பாடமாக்கினதை நிலத்தைப் பாத்துக்கொண்டு ஒப்பிச்சு முடிச்சன்.

ஏசுவா எண்டு நினைச்சன். கதவை அடிச்சுச் சாத்துவா எண்டு நினைச்சன். ஏசியிருந்தால் எனக்குச் சுகமா இருந்திருக்கும். அவ கதவை இன்னும் கொஞ்சம் அகலத் திறந்தா.

“நீ விடிய நேரத்தோட வேலைக்குப் போறனி தானே. போற வழியில எங்கயாவது அதைக் கண்டனியோ?”

“இல்லை” எண்டன். “இனி ஒவ்வொரு நாளும் பாத்துக்கொண்டு போறன். கூப்பிட்டுப் பாக்கிறன். அதுக்கு என்ன பேர்?”

“பேர் இல்லை. பேர் வைச்சால் அது என்ர பூனையாப் போயிடும். இந்த வயதில இன்னொண்டைப் பறிகுடுக்க ஏலாது எண்டு வைக்காமல் விட்டனான்.”

கதவு நிலையைப் பிடிச்சுக்கொண்டு எனக்குப் பின்னால தெருவைப் பாத்தா. “பேர் வைச்சிருக்கலாம்” எண்டு சொல்லிப்போட்டு அழுதா.