குலுங்காத நடை

ஆஸ்பத்திரியில் அவரை ஆமை என்பார்கள். அவருக்கு அதில் பெருமைதான். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர், பதினேழு வருஷமாகக் குழந்தைகள் வார்டிலிருந்து கீழ்த்தளத்து ஆய்வுக்கூடத்துக்கு ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாய்களைப் பெட்டியில் வைத்துச் சுமக்கிறார், ஒன்றுகூடக் கெட்டதில்லை. படித்தவர்கள் ஓடிக் கெடுத்ததை இவர் நடந்தே காப்பாற்றினார் என்பது அவர் பேச்சு. லிஃப்ட் குலுக்கும் என்று சாய்தளத்தில்தான் இறங்குவார். அந்த நடைக்கு ஈடு கிடையாது. கூட நடக்கவும் ஆள் கிடையாது. வீட்டிலும் ஒரே ஒரு தட்டுதான்.

மூளையில் கட்டி வந்த பிள்ளைகளின் ரத்தத்தில், அந்தக் கட்டி விட்டுச்சென்ற தடயமாக மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற நுண்ணிய துணுக்குகள் மிதக்கின்றனவா என்று அந்த ஆய்வுக்கூடத்தில் தேடுகிறார்கள். இன்னும் ஆராய்ச்சிதான். வழியில் குலுங்கினால் சிவப்பணு உடைந்து தன் துணுக்குகளையும் கொட்டிவிடும்; பிறகு எது எதுவென்று தெரியாது. பிள்ளைக்கு மறுபடி ஊசி.

அன்று நாலு வயதுப் பெண்ணின் ரத்தம். நரம்பு அகப்படாமல் மூன்று முறை குத்தி எடுத்தது. வார்டு வாசலில் அவள் அப்பா ஒட்டிக்கொண்டார்.

"நானும் வரேண்ணே. அவ அழறதைப் பார்க்க முடியல."

"வாங்க தம்பி. என் கதையைக் கேட்டா நேரம் போறதே தெரியாது."

எத்தனையோ நாளுக்குப் பிறகு காது கொடுக்க ஒருவர். பேச்சு சூடுபிடித்தது.

"பெரிய டாக்டரே சொன்னாரு, ஆமை கொண்டாந்தா கண்ணை மூடிட்டு வாங்கலாம்னு" என்று பெட்டி பிடித்த கையையே வீசிக் காட்டினார். அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக இன்னொரு கதை, இன்னொரு வீச்சு. வளைவில் பெட்டி கைப்பிடிக் கம்பியில் இடித்தது. அப்பா கவனிக்கவில்லை.

ஆய்வுக்கூடத்து அம்மா குழாயை மெஷினில் சுழற்றி எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மேலே வைக்கோல் நிறத்தில் தெளிய வேண்டிய நீர் ரோஸ் நிறத்தில் நின்றது.

"மூணு குத்து குத்தியிருக்காங்க. சிவப்பணு ஊசியிலயே உடைஞ்சிருக்கும். அப்படியே எழுதிடறேன்."

அப்படி எழுதினால் அவருடைய பதினேழு வருஷப் பெயருக்கும் பங்கமில்லை. அவர் தலையாட்டி மறுத்தார்.

"என் கை வீசுச்சும்மா. அதையே எழுதுங்க."

வெளியே பெஞ்சில் காத்திருந்த அப்பாவிடமும் அதையே சொன்னார். அப்பா பெஞ்சிலிருந்து எழுந்தார். "அவகிட்டயும் நீங்களே சொல்லுங்க" என்றார்.

சொன்னார். பிள்ளை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது. நாலாவது ஊசி ஒரே குத்தில் ஏறியது.

அப்பா மறுபடி வாசலில் நின்றார். "துணைக்கு வரட்டுமாண்ணே?"

"வேணாம் தம்பி. நீங்க வந்தா நான் பேசுவேன்."

பெட்டியை நெஞ்சோடு அணைத்து, அடி மேல் அடி வைத்து இறங்கினார். வளைவில், பின்னால் காலடி வருகிறதா என்று காதைத் தீட்டினார். வரவில்லை. பெட்டி குலுங்கவில்லை.