துறைமுகத்தில் கழற்றிய சால்வை

மகன் தொலைக்காட்சியில் இங்கிலாந்தின் இரண்டாம் பிரிவு உதைபந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். ரசிகர்கள் கூட்டமாகப் பாடும் சத்தம் கேட்டதும் இன்றைக்கும் எனக்கு முகம் சுட்டது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஜேர்மனியில் ஹம் நகரில் இருந்தோம். இங்கிலாந்திலிருந்த சித்தப்பா ஆதரித்த உதைபந்தாட்டக் கழகத்துக்கு இரண்டாம் பிரிவில் அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம். வென்றால் முதற்பிரிவுக்கு ஏறிவிடும். சித்தப்பா அனுப்பிய கழகத்தின் சிவப்புச் சால்வைகளைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, அப்பா, அம்மா, நான் மூவரும் முதல்நாளே இங்கிலாந்துக்குப் பஸ் ஏறினோம். அகதிகளுக்கான பயணப் பத்திரமே போதும் என்று அப்பா நம்பியிருந்தார்.

கப்பல்துறையில் அதிகாரி விசா கேட்டார். ஆட்டம் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவோம் என்று அப்பா அரைகுறை ஆங்கிலத்தில் கெஞ்சினார். பஸ்ஸில் இருந்தவர்கள் யன்னல் வழியாக எங்களையே பார்த்தார்கள். நான் சால்வையைக் கழற்றி ஜாக்கெட்டுக்குள் ஒளித்தேன்.

"கழட்டாதை பிள்ளை, நாங்கள் களவெடுக்கேல்லை," என்றார் அம்மா. ஆனால் அப்பாவும் தன்னுடையதைக் கழற்றிவிட்டார். எங்களை விட்டுவிட்டுப் பஸ் கப்பலில் ஏறியது.

மறுநாள் பின்னேரம் சித்தப்பா தொலைபேசியில் கத்தினார். "வெண்டிட்டம் அண்ணை! நீங்கள் ஏன் வரேல்லை?"

"பிள்ளைக்குக் காய்ச்சல். வெளிக்கிட ஏலாமல் போச்சு," என்றார் அப்பா.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சித்தப்பாவுக்குக் கேட்கட்டும் என்று, நான் பக்கத்தில் நின்று பலமாக இருமினேன்.