பன்னிரண்டு மூட்டைக் கறுப்பு மண்

மெதோடி நூற்றிருபது லெவா கடன்பட்டிருந்தார். பக்கத்து வீட்டு ஸ்தோயங்காவுக்கு, தான் விற்ற பன்னிரண்டு மூட்டை மண்ணுக்காக.

ப்ளோவ்திவ் நகரத்துச் சாலையோர வடிகால்களை முப்பத்தொரு வருடமாகத் தூர்வாருபவர் அவர். நாலாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவர். ஒற்றை மண்வெட்டியில் தொடங்கி இன்று சொந்தமாகச் சேறு உறிஞ்சும் லாரி வைத்திருக்கிறார். "இந்த ஊர்ல மழையே என்னைக் கேட்டுட்டுத்தான் வடியும்" என்று காப்பிக்கடையில் அளப்பார். பாதி உண்மைதான்.

வடிகாலில் வாரிய வண்டலைக் குப்பைக் கிடங்கில் கட்டணம் கட்டித்தான் கொட்ட வேண்டும். அந்த வசந்தத்தில் அவருக்கு ஒரு யோசனை. வெயிலில் காய்ந்த வண்டல் கருகருவென்று, கையில் பொலபொலவென உதிர்ந்தது. இதைக் காசு கொடுத்துக் கொட்டுவானேன்? மூட்டை பத்து லெவாவுக்கு ஸ்தோயங்காவின் தோட்டத்துக்கு விற்றுவிட்டார். குடைமிளகாய் போட்டு, சுட்டு, இருநூறு ஜாடி விழுது கிண்டி விற்றுத்தான் அவள் குளிர்காலத்தை ஓட்டுவது.

மறுவாரம், பெரிய சாலையில் ஒரு பெண் பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைக் கூட்டிப் பையில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, தொடப்பம் வேணும்னா நான் தரேனே!"

"வேணாம்ணே. உங்க லாரியில இருக்கிறதுல ஒரு கை அள்ளிக் கொடுங்க."

பல்கலைக்கழகத்தில் சாலைத் தூசியை ஆராயும் ராலித்சா அவள். காந்தத்தைப் பாலித்தீனில் சுற்றி வண்டலுக்குள் ஓட்டினாள். வெளியே எடுத்தால் காந்தத்துக்குத் தாடி முளைத்திருந்தது.

"இது இரும்பு. காந்தத்துல ஒட்டாம கூடவே ஈயம் இருக்கும், பிரேக்ல தேயுற செம்பு, டயர்ல இருந்து துத்தநாகம். ரோட்டுத் தூசியெல்லாம் மழையில இங்கதானே வந்து படியுது."

படித்தவர்கள் பேச்சை மெதோடி என்றும் நம்பியதில்லை. தாடியை நம்பினார். சொன்னால் முப்பத்தொரு வருடப் பேர் போச்சு. சொல்லாவிட்டால் அந்த ஈயத்தை விழுதோடு ஊரே வாங்கித் தின்னும். நாற்று நட இன்னும் நாலே நாள். அன்று மதியமே ஸ்தோயங்காவின் வேலிக்கு முன்னால் நின்று தொப்பியைக் கழற்றி, எல்லாவற்றையும் சொன்னார்.

"மழை உங்களக் கேட்டுத்தான் வடியும்னீங்களே மெதோடியண்ணே, மண்ணப் பத்தி நீங்க யாரையாச்சும் கேட்டீங்களா?"

"காசத் திருப்பிக் கொடுத்துடறேம்மா."

"காச நீட்டிட்டுக் கைகழுவப் பாக்காதீங்க. மொதல்ல மண்ண எடுங்க. காய் பழுக்கட்டும், அப்புறம் வாங்கிக்கறேன்."

மூன்று நாள், ஒரு சாண் கூடுதலாகவே தோண்டினார். அத்தனையையும் கிடங்கில் கட்டணம் கட்டிக் கொட்டினார். மலையடிவாரத்து மண்ணும் ஆட்டெருவும் கொண்டுவந்து, ராலித்சா சோதித்துச் சரியென்ற பிறகே நாற்றை நடவிட்டார். இப்படித் தோண்ட இந்த ஊரில் வேறு ஆள் கிடையாது என்று காப்பிக்கடையில் சொல்லவும் மறக்கவில்லை.

செப்டம்பரில் தெருவெங்கும் மிளகாய் சுடும் வாசனை. ஸ்தோயங்கா சூடான விழுதை ரொட்டியில் தடவி நீட்டினாள்.

"எப்படி இருக்கு?"

"மண்ணு யாரு போட்டது!"

"மொதல்ல போட்டதும் நீங்கதான்."

சிரித்துக்கொண்டே கையை இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் துடைத்து, விரித்து நீட்டினாள். மெதோடி பத்து லெவா தாள்களை ஒவ்வொன்றாக அதில் எண்ணி வைத்தார். பன்னிரண்டு.