கூடுதலாக இருந்த நாற்காலி

செல்வி படிப்பை விட்டுவிட இரண்டே நாள் இருந்தது. அது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், மண்டபத்தில் ஒரு நாற்காலி அதிகமாக இருந்தது என்பதுதான்.

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, நான் முப்பத்தொரு வருடம் துறைமுகத்தில் சரக்கு எண்ணியவன். எழுபத்து நான்கு வயதிலும் படிகளை எண்ணாமல் ஏறமாட்டேன். நம் சபையின் கல்வி உதவிக் குழுவுக்கு நான்தான் தலைவர். வசதியில்லாத பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதோறும் லிட்டில் இந்தியாவில் இருக்கும் சபை மண்டபத்தில் வகுப்பு நடத்தி, பாலிடெக்னிக்கிலும் பல்கலைக்கழகத்திலும் சேர்த்துவிடுகிறோம். இடம் கிடைத்த அன்று கேக் வெட்டி, கைதட்டி, ஜெபப் பதிவேட்டில் அவர்கள் பெயரைச் சிவப்பு மையால் அடித்துவிடுவோம். ஜெபம் கேட்கப்பட்டது என்று அர்த்தம். முப்பத்து நான்கு பெயர்களை அப்படி அடித்திருந்தேன். பெருமையாக இருந்தது.

ஜூன் விடுமுறை முடிந்த முதல் சனிக்கிழமை, மதியம் இரண்டரை மணி. பதினோரு பிள்ளைகளுக்குப் பதினோரு நாற்காலி போட்டேன். கை கழுவிவிட்டு வந்து எண்ணினேன். பன்னிரண்டு. ஒன்றை எடுத்துப்போய் சாமான் அறையில் வைத்துப் பூட்டினேன். மறுபடி எண்ணினேன். பன்னிரண்டு. சாவி என் கையில்தான் இருந்தது. கடைசி நாற்காலி மட்டும் ஜன்னலைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

அடுத்த சனியும் அப்படியே. மூன்றாவது சனிக்கிழமை, குழுச் செயலாளர் மெர்சியைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னேன்.

"பன்னெண்டு, அண்ணே. நீங்களே போட்டுட்டு என்னைய ஏன் பயமுறுத்துறீங்க? கண்ணாடிய மாத்துங்க லா."

சிரித்தாள். என் அண்ணன் மறதி நோயில் போனவர். அவருக்கு முதலில் தப்பியது எண்ணிக்கைதான். அந்த நாற்காலியின் முன் முழங்காலிட்டேன். "கர்த்தாவே, என் புத்தியை எடுத்துவிடாதேயும். யாரையாவது விட்டுவிட்டேன் என்றால் காட்டும்."

எழுவதற்குக் கையை ஊன்றினேன். யாரோ அப்போதுதான் எழுந்து போனதுபோல் இருக்கை சூடாக இருந்தது.

பதிவேட்டைத் திறந்தேன். பன்னிரண்டாவது பெயர் செல்வி. அடித்த பெயர். இரண்டு வருடமாக அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. போன் செய்தேன்.

"படிப்பு எப்படிம்மா போகுது?"

"யாரு சொன்னா அங்கிள்? திங்கக்கிழம நின்னுக்கிறேன்னு ஃபாரம் குடுக்கப்போறேன்."

அப்பாவுக்குப் பக்கவாதம். அம்மா வேலைக்குப் போகிறார். பகலில் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லை. அவளுக்கோ இறுதியாண்டு.

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொல்லத்தான் மூணு சனிக்கிழம வந்தேன். ஜன்னல் பக்கம் நின்னு பாத்துட்டுப் போயிட்டேன். என் பேரத்தான் அடிச்சிட்டீங்களே. கேக் வேற சாப்பிட்டாச்சு. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வர்றது?"

"உள்ள வந்து நாற்காலி போட்டியா?"

"இல்ல அங்கிள். நான் கதவக்கூடத் தொடல."

மறுநாள் ஆராதனை முடிந்ததும் மெர்சியும் நானும் செங்காங்கில் அவள் வீட்டுக்குப் போனோம். சபையில் ஐந்து பேர், வாரநாளுக்கு ஒருவராக, அப்பாவைப் பார்த்துக்கொள்ள முன்வந்தார்கள். அந்தப் படிவத்தைச் செல்வி கிழித்துப் போட்டாள். படித்து முடித்தாள். பட்டயம் வாங்கிய கையோடு மண்டபத்துக்கு வந்து, அந்தக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள். ஸ்தோத்திரம்.

இப்போது சேர்ந்ததும் யார் பெயரையும் அடிப்பதில்லை. முடித்த பிறகுதான் கேக். முப்பத்து நான்கு பேருக்கும் போன் செய்தேன். இன்னும் இருவர் பாதியில் நின்றிருந்தார்கள். அவர்களையும் திரும்பப் படிக்க அனுப்பினோம்.

பிரியமானவர்களே, கேட்கப்பட்டுவிட்டது என்று நீங்கள் நிறுத்திய ஜெபங்களை மறுபடி எடுங்கள். நாம் மறந்தாலும் அவர் மறப்பதில்லை.

போன சனிக்கிழமையும் ஒரு நாற்காலி கூடுதலாக இருந்தது. நான் பயப்படவில்லை. பதிவேட்டை எடுத்தேன்.