புருஷன் உள்ளவளுக்கு இல்லை

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் லண்டனில், நோர்பரியில் ஒரு கடைக்கு மேலே குடியிருந்தோம். எதிர்க் கதவுக்காரி மூன்று வயது மகளோடு தனியாக இருந்தாள். கனடாவுக்குப் போன அவளுடைய புருஷன் போனவன்தான். பாவம், பாவம் என்று நானும் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். அரசாங்கம் அவளைக் கூப்பிட்டு வேலை தேடித் தரப் புறப்பட்டதோடு அதை நிறுத்திவிட்டேன்.

தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்களை, பெனிபிட் என்ற அரசாங்க உதவிக் காசிலிருந்து எடுத்து வேலைக்கு அனுப்பும் திட்டம் அது. அவளுக்கு இங்கிலீஷ் வராது. மொழிபெயர்க்க அவர்களுடைய அலுவலகத்துக்கு நானும் கூடப் போனேன். அங்கிருந்த வெள்ளைக்காரி இங்கிலீஷ் வகுப்பு, பஸ் காசு, நேர்முகத்துக்குப் போட நல்ல சப்பாத்து என்று அடுக்கிக்கொண்டே போனாள். ஒவ்வொன்றையும் தமிழில் சொல்லச் சொல்ல எனக்கு வயிறு பற்றி எரிந்தது. என்னுடைய இங்கிலீஷை அந்த மனுசி மெச்சினாள். நீயும் தனியாகவா இருக்கிறாய் என்று கேட்டாள். புருஷன் இருக்கிறார் என்றேன். அப்படியென்றால் இது உனக்கில்லை என்றாள். பெட்ரோல் ஷெட்டில் இரவு ஷிப்ட் முடித்து வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த மனுசன்மேல் எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல.

அவளுக்கு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை கிடைத்தது. விடியவே போக வேண்டும். அந்த நேரத்தில் எந்த நேர்சரி திறந்திருக்கும்? பிள்ளை என்னிடம் வந்தது. எனக்கும் வேலைக்குப் போக ஆசை என்று இவரிடம் சொன்னேன். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்றுவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தார். அவளோ உதட்டுச் சாயம் பூசப் பழகினாள். பஸ் தரிப்பில் கறுப்பினப் பெண்களோடு இங்கிலீஷில் பகிடி விட்டாள். அந்தச் சிரிப்பு யன்னலால் கேட்கும்போதெல்லாம் யன்னலை அடித்துச் சாத்துவேன்.

ஒரு வருசம் கழித்து, திட்டத்தால் பிரயோசனம் உண்டா என்று விசாரிக்க ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். துணைக்கு என்னையும் பக்கத்தில் இருக்கச் சொன்னாள் எதிர்க் கதவுக்காரி. எது உதவியது என்ற கேள்விக்கு என்னைச் சொல்வாள் என்று காத்திருந்தேன். வகுப்பைச் சொன்னாள். வெள்ளைக்காரியைச் சொன்னாள். சப்பாத்தைக்கூடச் சொன்னாள். வந்தவள் மரியாதைக்கு என் பக்கம் திரும்பி, நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டாள். நான் வாய் திறக்குமுன் இவள் முந்திக்கொண்டாள்.

"அக்கா நோ வேர்க். ஒன்லி ஹோம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவளுடைய மகள் அப்போது என் மடியில் இருந்து சோறு தின்றுகொண்டிருந்தாள்.