சிசிலியின் சிறந்த தட்டு மைதானம்

யோகாம்பாள் யாரையும் திட்டமாட்டாள். திட்டு வாங்குவதற்கும் ஓரளவு பெறுமதி வேண்டும், அது தன் கண்ணில் படுகிற ஆட்களுக்கு இல்லை என்பது அவளுடைய எண்ணம். உதட்டின் இடது ஓரத்தை மட்டும் கொஞ்சம் கீழே இறக்குவாள். இத்தாலியின் சிசிலித் தீவில், பலேர்மோ நகரத்தில் இருக்கிற தமிழரில் பாதிப்பேர் அந்த உதட்டைக் கண்டிருக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்து வேலணையிலிருந்து வந்து இருபத்திரண்டு வருடம். காலையில் வியா மக்வேதா வீதிக்குப் பக்கத்துச் சந்தில், லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில், ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய அம்மாவின், வீட்டில் துப்புரவு வேலை. அந்த அம்மா எந்த நேரமும் மெலிவதைப் பற்றியே கதைப்பாள், கதைத்தபடியே பிஸ்கட் டப்பாவைத் திறப்பாள். பின்னேரம் ஒரு வக்கீலின் அலுவலகம். அவருக்குத் தன் மேசையில் எந்தக் கடதாசி எங்கே என்று தெரியாது, யோகாம்பாளுக்குத் தெரியும். வீட்டில் கணவன் அருளையா. உணவகத்துச் சமையலறையில் வேலை, லீவு நாள் முழுக்க நித்திரை. இவர்கள் எல்லோரைப் பற்றியும் அவளிடம் ஒரே அபிப்பிராயம்தான் இருந்தது.

தட்டு விளையாட்டு அவளிடம் வந்தது மகன் கஜானனால். டிஸ்க் கோல்ஃப் என்பது அதன் பெயர். கையகலத் தட்டை எறிந்து, தூரத்தில் கம்பத்தில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடைக்குள் விழுத்த வேண்டும். குறைந்த எறிகளில் எல்லாக் கூடைகளையும் முடிக்கிறவருக்கு வெற்றி. கஜானன் இன்ரநெட்டில் ஏழு தட்டும் ஒரு பையும் எடுப்பித்தான், இரண்டு மாதம் விளையாடினான், பிறகு பை அலுமாரிக்கு மேல் ஏறிவிட்டது. வாங்கின சாமானைப் பாவிக்காமல் வைத்திருப்பது யோகாம்பாளுக்கு ஆகாது. வீட்டு வேலைக்காரருக்கு வியாழன் பின்னேரம் ஓய்வு, வக்கீலும் அன்று அவளைக் கூப்பிடுவதில்லை. அப்படி ஒரு வியாழக்கிழமை பையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி, கூடைகள் நட்டிருந்த ஃபவோரீத்தா பூங்காவுக்குப் போனாள்.

அங்கே மூன்று மாணவர்கள் எறிந்துகொண்டு நின்றார்கள். முழு உடம்பையும் சுழற்றி, முகத்தைக் கோணலாக்கி, பெரிய சத்தத்தோடு எறிந்தார்கள். தட்டு எங்கேயோ போனது. வலி வந்த மாடு மாதிரி ஏன் கத்துகிறார்கள் என்று யோகாம்பாள் நினைத்தாள். அவள் எறிந்த முதல் தட்டு அலரிப் பற்றைக்குள் போனது. ஏழாவது தட்டு நேராகப் போனது. அன்றே அவளுக்கு விசயம் விளங்கிவிட்டது. பலம் தேவையில்லை, மணிக்கட்டு சொல்கிற பக்கம் தட்டு போகும்.

மூன்று வருடத்துக்குள் சிசிலியில் இருந்த ஆறு மைதானங்களையும் அவள் பஸ்ஸிலும் ரயிலிலும் போய்ப் பார்த்து முடித்தாள். எத்னா அடிவாரத்து மைதானத்தில் கறுத்தக் கல் தட்டின் விளிம்பைத் தின்றுவிடும். தெற்குக் கடற்கரையில் காற்றுக்கு மரியாதை தெரியாது. ஃபவோரீத்தாவில் நாய்களும், இறைச்சி வாட்டுகிற குடும்பங்களும். இருந்ததில் உருப்படியானது மதோனியே மலையில், பியானோ செக்கோ என்ற சின்ன ஊருக்கு மேலே, பைன் மரங்களுக்கு நடுவே ஒன்பது கூடைகள் கொண்டது. அங்கே மூன்று தரம் விளையாடினாள்.

நாலாம் தரம் போனது ஒக்ரோபர் கடைசியில். கூடைகள் இல்லை. கம்பங்களைக் கழற்றி எடுத்துவிட்டு, சீமெந்துக் கட்டைகளை மட்டும் விட்டிருந்தார்கள். மைதானத்தில் செம்மறிகள் மேய்ந்தன. ஊர் நிர்வாகமான கொமூனே இடத்தை மேய்ச்சலுக்கு விட்டுவிட்டது என்று இடையன் சொன்னான். யோகாம்பாள் திரும்பி நடந்து வந்து அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள். யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

அவளோடு வியாழக்கிழமைகளில் எறிய வந்தது சுஜானி ஒருத்திதான். மன்னார்ப் பிள்ளை, முப்பத்தெட்டு வயது, ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்கிற வேலை. எறிக்கும் எறிக்கும் இடையில் வாய் திறக்கமாட்டாள் என்பதால் யோகாம்பாளுக்கு அவளைப் பிடித்திருந்தது. அவளுடைய புருசனைத்தான் பிடிக்காது.

புருசன் கொட்வின். வுச்சீரியாச் சந்தைக்குப் பின்னால் ஒரு ஒடுங்கிய கடையில் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதிப் பத்திரங்கள் நிரப்பிக் கொடுக்கிறவன். நேற்றுக் கேள்விப்பட்ட விசயத்தைத் தானே பெற்று வளர்த்தது போலக் கதைக்கத் தெரிந்தவன். மனைவி எறியப் போகிறாள் என்றதும் அவனும் விளையாட்டுக்குள் இறங்கினான். இறங்கினான் என்றால், தொப்பி ஒன்று வாங்கினான், யூடியூப்பில் வீடியோக்கள் பார்த்தான், ‘சிசிலித் தமிழ்த் தட்டு விளையாட்டுக் கழகம்’ என்று வாட்ஸ்அப் குழு திறந்தான். நாற்பத்திரண்டு உறுப்பினர்கள். அதில் தட்டு வைத்திருந்தவர்கள் ஐந்து பேர்.

மாசி மாதத்தில் அந்தக் குழுவில் சண்டை தொடங்கியது. எங்கள் சிசிலியில் சிறந்த மைதானம் எது? ஒரு பகுதி ஃபவோரீத்தா என்றது. பஸ் போகும், கழிவறை உண்டு, பிள்ளைகளுக்கு ஐஸ்கிறீம் வாங்கலாம். மறுபகுதி கொட்வினுக்குப் பின்னால் நின்று பியானோ செக்கோ என்றது. மலைக்காற்று, பைன் வாசம், அமெரிக்காவில்கூட இப்படி ஒன்று இல்லை. விடிய எழும்பினால் நூற்றுப்பத்துச் செய்தி கிடக்கும். யோகாம்பாள் வக்கீலின் அலுவலகப் படியில் இருந்து ஒன்று விடாமல் வாசித்தாள். பிழைகளை மனதுக்குள் திருத்துவாள், எழுதமாட்டாள்.

“அம்மா, பாஸ்த்தா, போதும்,” என்றான் ஓர் இரவு கஜானன். “பிடிக்காட்டி குறூப்பை விட்டு வாங்கோவன். ஏன் ஒவ்வொரு நாளும் வாசிக்கிறியள்?”

“விசருகள் எவ்வளவு தூரம் போகுங்கள் எண்டு பாக்கிறன்.”

சண்டை வாட்ஸ்அப்பில் அடங்கவில்லை. தேவாலயத்துப் பங்குக் கொண்டாட்டத்தில் அதையே பட்டிமன்றமாக்கிவிட்டார்கள். நகரத்து மைதானமா, மலை மைதானமா. நடுவர் தில்லையம்பலம் மாஸ்டர். கோயில் விழா, பங்கு விழா, தமிழ்ப் பள்ளி ஆண்டு விழா எதுவானாலும் நடுவர் அவர்தான். வாழ்க்கையில் ஒரு தட்டை, சாப்பாட்டுத் தட்டைத் தவிர, கையில் எடுத்தவர் அல்லர். நகரத்து அணிக்கு ஒரு பெண் பேச்சாளர் தேவை என்று யோகாம்பாளையும் கேட்டார்கள்.

“நான் எறியிறனான். கதைக்கிறேல்லை,” என்றாள்.

ஆனால் போய் இரண்டாம் வரிசையில் இருந்தாள், பக்கத்தில் சுஜானி. மேடையில் கொட்வின் ஏறினான். நாளை மறுநாள் தேர்தல் என்பது போல ஒலிவாங்கியைப் பிடித்தான்.

“சபையோரே, அந்த ஐந்தாவது கூடை. பைன் மரங்களுக்கு நடுவே, பனி மூடிய மலையைப் பார்த்தபடி, தவம் செய்யும் முனிவரைப் போல நிற்கிறது. அதைக் கண்ட கண்ணுக்கு ஃபவோரீத்தா ஒரு பொருட்டா?”

கை தட்டினார்கள். ஐந்தாவது கூடை நின்றது மாடுகளுக்குத் தண்ணீர் வைக்கிற தொட்டிக்குப் பக்கத்தில். அங்கே மலையும் தெரியாது, பனியும் தெரியாது, சாணகம்தான் தெரியும். அதுவும் இப்போது இல்லை. ஆறு மாதமாக இல்லாத ஒன்றை நிற்கிறது, நிற்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். யோகாம்பாளின் உதடு இறங்கியது.

இரண்டு பக்கமும் முடிந்த பிறகு தில்லையம்பலம் மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். “சபையிலை ஆராவது ஏதும் சொல்ல விரும்பினால், சொல்லலாம்.”

“அக்கா, நீங்கள் சொல்லுங்கோ,” என்று சுஜானி முழங்கையால் இடித்தாள். “நீங்கள்தானே எல்லாம் போய்ப் பாத்தனீங்கள்.”

ஒரு வசனம் போதும். எழும்பி நின்று சொல்லியிருந்தால் மேடையே கவிழ்ந்திருக்கும். ஆனால் மேடைக்குக் கீழே, விளம்பரத் தாளில், வெற்றி பெறும் மைதானத்துக்கு மே முதல் ஞாயிறு பஸ் போகும் என்று எழுதியிருந்ததை அவள் வாசித்திருந்தாள். மண்டபத்தில் கவிழ்வதைவிட மலையில் கவிழ்வது நல்லது என்று தோன்றியது.

“எனக்கு ஒண்டுமில்லை,” என்றாள்.

மாஸ்டர் வழக்கமாக இரண்டுமே சிறந்தது என்பார். இந்த முறை மலைக்குத் தீர்ப்புக் கொடுத்தார். பஸ் ஏற்கெனவே பேசியாகிவிட்டது.

மூன்று கிழமையாக யோகாம்பாள் கொட்வினின் முகத்தை நினைத்து நினைத்துச் சந்தோசப்பட்டாள். சிஞ்ஞோராவின் குளியலறையைத் தேய்க்கும்போது தனக்குள் சிரித்தாள். அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே பஸ்ஸில் தனக்கும் ஒரு இடம் சொன்னாள்.

நாற்பது பேர், இடியப்பம், சொதி, கோழிக்கறி, யாரோ வாங்கி வந்த ஒரு பெட்டி அரஞ்சீனே என்கிற பொரித்த சோற்றுருண்டை. இரண்டு மணித்தியால ஓட்டம். கொட்வின் முன்னால் நின்று வழி முழுக்கப் பேசினான். மேலே போய் நின்றதும் முதலில் குதித்து இறங்கி, வீடியோ எடுக்கப் போனைத் தூக்கிப் பிடித்தான்.

செம்மறிகள் நிமிர்ந்து பார்த்தன.

“இதுக்கு அங்காலை இருக்கும்,” என்றான். மேட்டில் ஏறிப் போனான். திரும்பி வந்தான். இடையனிடம் கேட்டான். இடையன் கையை விரித்து, கழற்றிக் கொண்டு போய் எவ்வளவோ நாள் என்றான். கொட்வின் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினான். முகம் தொங்கிப் போனது. யோகாம்பாள் காத்திருந்த முகம் அதுதான். முழுதாக, ஆசை தீரப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததை அவள் எதிர்பார்க்கவில்லை. ஒருவரும் கோபிக்கவில்லை. கொட்வினே முதலில் சிரித்தான்.

“எல்லாரும் என்னை மன்னியுங்கோ. கூடை இல்லை. நான்தான் கூடை,” என்று கைகளை வளைத்து வட்டமாக்கி ஒரு சீமெந்துக் கட்டையில் ஏறி நின்றான். பிள்ளைகள் அவன் மேல் தட்டு எறிந்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கூடையானார்கள். தில்லையம்பலம் மாஸ்டர்கூட ஒரு கட்டையில் நின்றார், தட்டு வயிற்றில் பட்டது, கூடைக்குள் விழுந்ததாகத் தானே தீர்ப்புச் சொன்னார். தோசைக் கல்லில் மா ஊற்றுகிற மாதிரி எறிந்தார்கள். விதி இல்லை, முறை இல்லை, எண்ணிக்கை இல்லை. சுத்தக் கூத்து. யோகாம்பாள் தன் பையை மடியில் வைத்துக்கொண்டு மரத்தடியில் இருந்தாள்.

சுஜானி சாப்பாட்டுத் தட்டோடு வந்தாள்.

“அக்கா, உங்களுக்கு முதலே தெரியும், என்ன?”

“ஆர் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. பஸ்ஸாலை இறங்கேக்கை எல்லாரும் மைதானத்தைப் பாத்தவை. நீங்கள் இவரைப் பாத்தனீங்கள்.”

யோகாம்பாள் இடியப்பத்தைப் பிய்த்தாள். “ஓம். தெரியும்.”

“ஏன் சொல்லேல்லை?”

“அவர் என்னைக் கேக்கேல்லை.”

“நான் கேட்டனான். மண்டபத்திலை. சொல்லுங்கோ எண்டு.”

பதிலுக்கு நிற்காமல் சுஜானி போய்விட்டாள். அவள் போய் நின்றது கூடையாக நின்றவர்களோடு.

அடுத்த வியாழன் ஃபவோரீத்தாவுக்குச் சுஜானி வரவில்லை. அதற்கடுத்த வியாழனும் இல்லை. பெரிய ஆள், புருசனைச் சொன்னால் பொறுக்காது என்று யோகாம்பாள் உதட்டை இறக்கிப் பார்த்தாள். கொட்வினிலும் மாஸ்டரிலும் நிற்கிற இளக்காரம் சுஜானியில் நிற்கவில்லை, வழுக்கி விழுந்தது. அன்று யோகாம்பாள் இதுவரை எறியாத அளவுக்கு நன்றாக எறிந்தாள், ஒன்பது கூடையும் இருபத்திமூன்று எறியில். பக்கத்தில் நாய் ஒன்றுதான் நின்றது.

ஆனி மாதத்தில் கொட்வின் அவளுக்குப் போன் எடுத்தான். கொமூனேக்கு மூன்று கடிதம் எழுதி, நேரிலும் போய், கதைத்துக் கதைத்தே அவர்களைக் களைக்கப் பண்ணியிருக்கிறான். கூடைகள் களஞ்சியத்தில் கிடக்கின்றனவாம். எது எங்கே நின்றது என்று காட்டினால், மேய்ச்சலை ஒரு பக்கம் ஒதுக்கித் திரும்ப நட்டுத் தருவார்களாம். வரைபடம் அவர்களிடமே இல்லையாம்.

“அக்கா, அந்த இடங்கள் உங்களுக்குத்தான் தெரியும் எண்டு சுஜானி சொன்னவ. வருவியளோ?”

“கட்டையள் கிடக்குத்தானே, தம்பி.”

“கட்டையள் பதினாலு கிடக்கு அக்கா. பழைய வேலிக் கட்டையளும் சேந்து. எது எதெண்டு எனக்குத் தெரியாது.”

எனக்குத் தெரியாது என்று கொட்வின் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தரம்.

ஞாயிற்றுக்கிழமை அவன் காரில் போனார்கள். சுஜானி பின் சீட்டில் இருந்து யன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தாள். மலையில் யோகாம்பாள் முன்னால் நடந்தாள். சிவப்புத் துணி கட்டிய தடிகளையும் சுத்தியலையும் தூக்கிக்கொண்டு கொட்வின் பின்னால் வந்தான், ஒவ்வொரு இடத்திலும் ஒரு சொற்பொழிவோடு.

“இஞ்சை வியூ நல்லா இருக்கும் அக்கா.”

“கூடைக்கு வியூ தேவையில்லை. அடியும்.”

முதலாவது, இரண்டாவது, மூன்றாவது. ஐந்தாவது தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வந்தபோது கொட்வின் சாணகத்தைப் பார்த்தான், மலை இருக்க வேண்டிய பக்கத்தைப் பார்த்தான், தடியை அடித்தான். ஏழாவதில் அவன் குனிந்து அடித்துக்கொண்டிருக்கும்போது யோகாம்பாள் சொன்னாள்.

“தம்பி, பட்டிமன்றத்தண்டே எனக்குத் தெரியும். கூடையள் இல்லையெண்டு.”

சுத்தியல் நிற்கவில்லை. “ஓம் அக்கா. சுஜானி அண்டைக்கே மலையாலை பஸ்ஸிலை திரும்பி வரேக்கை சொன்னவ.” இன்னும் இரண்டு அடி அடித்துவிட்டு நிமிர்ந்தான். வியர்வையைத் துடைத்தான். “எட்டாவது எங்கை?”

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். தேடினது எதுவும் அதில் இல்லை. எட்டாவது எங்கே என்று கேட்கிற முகமாக மட்டும் இருந்தது. இவனுக்கு ரோசம்கூட ஒழுங்காக வராது என்று நினைத்தாள். ஆனால் உதடு இறங்கவில்லை.

“அந்தப் பெரிய கல்லுக்கு இடப்பக்கம்,” என்றாள் பிறகு. “சுஜானி, நீ போய்க் கல்லடியிலை நில். தூரம் பாப்பம்.”

சுஜானி ஒரு கணம் நின்றாள். பிறகு புல்லை மிதித்துக்கொண்டு கல்லை நோக்கிப் போனாள். கொட்வினும் தடிகளை அள்ளிக்கொண்டு பின்னால் போனான். யோகாம்பாள் ஏழாவது தடியைப் பார்த்தாள். சரிந்து நின்றது. அதைப் பிடுங்கி நேராக்கி, பக்கத்தில் கிடந்த ஒரு கல்லை எடுத்து அடிக்கத் தொடங்கினாள்.